அப்பாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது

எங்கள் அப்பாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்பது லண்டனில் மோர்டனிலிருந்து குட்மேய்ஸ் வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கலியாண வீடோ, பிறந்தநாளோ, நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுத்துவிடுவார். கையில் வந்த மீனை ஆற்றில் விட்டுவிட்டு, அதன் பின்னாலேயே தானும் போய்த் தண்ணீருக்குள் குந்தின மனுசன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஜெர்மனியில் இருந்து லண்டனுக்கு மாறி வந்து குட்மேய்ஸில் குடியிருந்தோம். அப்பா வீடுகளுக்கு லமினேட் தரை போடுகிறவர். அம்மாவும் நானும் தவிர, அப்பாவின் கடைசித் தங்கை, என் மாமியும் எங்களோடுதான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாத மாமியை அப்பாதான் ஊரில் படிப்பித்து, லண்டனுக்கு எடுத்து, இங்கேயும் படிப்பித்து ஒரு பார்மசிஸ்ட் ஆக்கியவர். மாமி வெள்ளைக் கோட்டோடு வேலைக்குப் போகிற நாளில் அப்பா வாசலில் நின்று பார்ப்பார். ஒவ்வொரு நாளும் பார்ப்பார். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது ஒருநாளாவது அப்படி நின்றதாக எனக்கு நினைவில்லை.

இந்த மாமி தானாகவே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். அவரும் பார்மசிஸ்ட். நல்ல மனுசன், அதிகம் கதைக்கமாட்டார், சிரித்தால் காது சிவக்கும். மாமிக்கு அவரென்றால் உயிர். அவரிடம் இருந்து போன் வந்தால் குளிரிலும் பின் தோட்டத்துக்குப் போய்விடுவார். எல்லாம் சரி. ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேலையிலிருந்து இளைப்பாறிய எஞ்சினியர், மோர்டனில் சொந்த வீடு, ஊரில் பெரிய குடும்பம். அவர் சொன்னால்தான் அந்த வீட்டில் அடுப்பே எரியும் என்று அம்மா சொல்லுவார். நான் அவரை மோர்டன் அங்கிள் என்பேன்.

இந்த மோர்டன் அங்கிளுக்கு மீன்பிடியில் விசர். ஒவ்வொரு கோடையிலும் தனக்குத் தெரிந்த தமிழ் ஆக்களைச் சேர்த்து, தேம்ஸ் ஆற்றில் பாஸ் மீன் பிடிக்கிற போட்டி ஒன்று வைப்பார். ஒரு பெரிய ஆளும் ஒரு சின்ன ஆளுமாகச் சோடி சேர வேண்டும். ஆகப் பெரிய பாஸ் பிடிக்கிற சோடிக்குக் கோப்பை. மீனைப் பலகையில் வைத்து அளந்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடுவதா என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். அந்த வருஷம் அங்கிள் எங்களுக்குப் போன் எடுத்து, நீங்களும் வாங்கோ, பழகின மாதிரியும் இருக்கும் என்றார். இது பெண் பார்க்கிறது இல்லை, பெண்ணின் வீட்டு ஆக்களைப் பார்க்கிறது என்று அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியது ஒன்றுதான். கோப்பை எனக்கு.

சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ரகசியம் இருந்தது. அப்பாவின் அப்பா, என் அப்பப்பா, என்ன வேலை செய்தவர் என்று யாராவது கேட்டால் வியாபாரம் என்பார்கள். என்ன வியாபாரம் என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். உண்மையில் அப்பப்பா கடலுக்குப் போனவர். அப்பாவும் பன்னிரண்டு வயதிலிருந்து அவரோடு வள்ளத்தில் போனவர். ஒருநாள் அப்பாவைக் கரைச்சல் கொடுத்து இதைக் கறந்து எடுத்தபோது, வெளியில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பிள்ளைகளை வேலைக்கு விடுவது குற்றம் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். சோஷல் சேர்விஸ்காரர் அப்பப்பாவைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் எல்லாரும் மறைக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். எப்போதோ செத்துப்போன ஒரு மனிதரை அவர்கள் எப்படிப் பிடிப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

போட்டிக்கு முந்தின கிழமை, வேலை முடிந்து வந்து, அப்பா என்னை இரண்டு பின்னேரம் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய தூண்டில்தடி. அப்பா அதைக் கையில் எடுத்ததும் எனக்கு ஆளையே அடையாளம் தெரியவில்லை. தரை போட்டுப் போட்டு முழங்கால் நோகுது, முதுகு நோகுது என்று புலம்புகிற மனுசன் இளந்தாரி மாதிரி நின்றார். நூலில் என் விரலை வைக்கச் சொன்னார். இது பாசி தட்டுவது, இது நண்டு கொறிப்பது, இது மீன் மணந்து பார்ப்பது, இன்னும் கொத்தவில்லை, பொறு, பொறு, இப்ப இழு என்றார். நான் இழுத்தால் மீன் இருந்தது. வெள்ளி மாதிரி ஒரு குட்டிப் பாஸ். இது எங்கட கொடுவாவுக்குச் சொந்தக்காரன் என்று சொல்லி, அதன் முதுகு முள்ளைத் தடவி மடக்கிப் பிடித்து, கொளுக்கியைக் கழற்றி, அதோடு ஏதோ கதைத்துவிட்டுத் தண்ணீரில் விட்டார். அடுத்தநாளே என் வகுப்பு முழுக்க நான் கோப்பை எடுக்கப்போவது தெரிந்துவிட்டது. கோப்பையைக் கொண்டுவந்து காட்டுவதாகவும் சொல்லியாயிற்று.

போட்டிக்கு முதல்நாள் அப்பா தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றபோது மாமி குசினிக்குள் போனார். நான் கதவடியில் நின்றேன். மாமி குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நாளைக்கு உங்களுக்கு ஒண்டும் தெரியாது, என்ன?" என்றார்.

அப்பா கரண்டியால் கலக்கிக்கொண்டே, "எனக்கு எப்ப என்ன தெரிஞ்சது?" என்று சிரித்தார்.

மாமி சிரிக்கவில்லை. அப்படியே வெளியே வந்தார்.

எனக்குப் பொறுக்கமுடியவில்லை. சின்னப் பிள்ளையோடு கரம் விளையாடும்போது அது அழாமல் இருக்கப் பெரிய ஆக்கள் வேண்டுமென்று தோற்பார்களே, அந்த வேலைதான் இது என்று விளங்கிக்கொண்டேன். மோர்டன் அங்கிள் வென்றால் சந்தோஷத்தில் கலியாணத்துக்கு ஓம் என்றுவிடுவார். சரி, மாமியின் கலியாணம் பெரிய விஷயந்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சோடியில் மற்ற ஆள் நான். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

அந்தக் கிழமை முழுக்க மழை கொட்டியிருந்தது. ரெய்னம் பக்கம், லண்டன் முடிகிற இடத்தில், ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தேம்ஸ் பால் கூடிய தேத்தண்ணி நிறத்தில் சுழித்துக்கொண்டு கிடந்தது. கடலில் இருந்து வெள்ளம் மேலே ஏறுகிறது, காற்று அதை எதிர்த்துக் கீழே தள்ளுகிறது. இரண்டும் முட்டுப்பட்டு ஆறு முழுக்கக் குத்தி எழும்பியது. கோரைப்புல், பலகைத் துண்டு, பிளாஸ்டிக் கதிரை என்று ஊரிலுள்ள குப்பை எல்லாம் மிதந்து வந்தது. நூலைப் போட்டால் கண் மூடித் திறக்கமுதல் பாசி பிடித்து ஈயக்கட்டியையும் இழுத்துக்கொண்டு போகும். வந்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு வேண்டாமே என்ற முகத்தோடு நின்றார்கள். மோர்டன் அங்கிள் விடவில்லை. மழைக்கும் காற்றுக்கும் பயந்தவன் மீன் பிடிக்கக்கூடாது என்றார்.

அப்பா காரை விட்டு இறங்கியதும் ஒருக்கால் ஆற்றைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன்பாட்டில், "கச்சான் காத்து எதிர்க்குது. இண்டைக்கு நடுவுக்க நிக்காது, கரையோடதான் வரும்" என்றார். கரையில் ஓரிடத்தில் சீமெந்துப் படிகள் தண்ணீருக்குள் இறங்கின. அதற்குப் பக்கத்தில் மட்டும் ஆறு கொஞ்சம் அடங்கிச் சுற்றிக்கொண்டு நின்றது. அப்பாவின் பார்வை அங்கே போய் நின்றதை நான் கண்டேன். அந்த நேரம் பார்த்து மோர்டன் அங்கிள் எங்களை நோக்கி நடந்து வர, அப்பாவின் முகம் மாறிப்போயிற்று. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, முதல் தடவை ஆற்றைப் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். மோர்டன் அங்கிள் உடம்பு முழுக்கப் பொக்கற் வைத்த ஒரு மேற்சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு பொக்கற்றிலிருந்தும் ஒவ்வொரு சாமானாக எடுத்து அப்பாவுக்குப் பாடம் நடத்தினார். தடியை இப்படிப் பிடிக்க வேண்டும். முடிச்சை இப்படிப் போட வேண்டும். நூல் நுனிதான் முயல், அது குழிக்குள் போகும், மரத்தைச் சுற்றும், திரும்ப வெளியில் வரும். அப்பாவும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு, அந்த முயலைக் குழிக்குள் விட்டு வெளியே எடுக்கத் தெரியாமல் திண்டாடினார். என் அப்பா! இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற மனுசன்! அங்கிள் பொறுமையாக மூன்றாம் தரமும் போட்டுக் காட்டினார். அவர் கெட்டவரில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். தம்பி, முதலில் எல்லாருக்கும் அப்பிடித்தான் என்று அப்பாவின் முதுகில் தட்டினார்.

ஆற்றின் நடுவுக்கு எறிய வேண்டும் என்று அங்கிள் எல்லாருக்கும் சொன்னார். எல்லாரும் நடுவுக்கு எறிந்து, நடுவிலிருந்து பாசியும் பொலித்தீன் பையும் இழுத்தார்கள். அப்பா எறிந்த ஈயக்கட்டி எங்கள் காலடியிலேயே விழுந்தது. அடுத்த முறை கொளுக்கி அவருடைய தொப்பியில் மாட்டியது. அதற்கடுத்த முறை அங்கிளின் பொக்கற் சட்டையில் மாட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். அங்கிளின் பேரன், என் வயதுப் பொடியன், உன்னுடைய டாட் இதற்கு முன்னர் தண்ணீரைக் கண்டிருக்கிறாரா என்று இங்கிலிஷில் என்னைக் கேட்டான். நாக்கு நுனி வரை பதில் வந்தது. அதை விழுங்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அப்பாவின் கையைக் கிள்ளி, அப்பா, படியடியில் போடுங்கோ என்றேன். காதில் விழாத மாதிரி நின்றார்.

இடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். அம்மா கொண்டு வந்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டு அங்கிள் அப்பாவிடம் ஊர்ப் புதினம் கேட்டார். யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம்? டவுனுக்குக் கிட்ட என்றார் அப்பா. டவுனுக்குக் கிட்ட எண்டால் எந்தக் கோயிலடி? அப்பா ரோல்ஸை மெதுவாக மென்றார். பக்கத்தில் நின்ற மாமி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை திடீரென்று, அப்பா, வெள்ளம் ஏறுது, நேரம் போகுது என்று தகப்பனை எழுப்பிக்கொண்டு போனார். கோயிலைப் பற்றிக் கேட்டதற்கு ஏன் இப்படி எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. குட்மேய்ஸுக்குக் கிட்டக் கோயில் இருக்கிறது, நாங்கள் வெள்ளிக்கிழமை போகிறோம் என்று சொல்லலாம்தானே.

எந்தக் கோயிலடி என்பது எங்கள் ஆக்கள் மரியாதையாகச் சாதி கேட்கிற விதம் என்று தெரிய எனக்கு இன்னும் பத்து வருஷம் சென்றது. தெருவையும் கோயிலையும் சொன்னால் மிச்சத்தைக் கேட்கிறவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். கடலில் மீன் பிடித்து விற்றவனின் பிள்ளை என்று தெரிந்தால் அந்த வீட்டில் மாமிக்கு இடமில்லை. மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியுமாம். தகப்பனுக்குத்தான் தெரியக்கூடாதாம். அதே தகப்பன் விலை கூடிய தடியும், பொக்கற் சட்டையும், ரப்பர்ச் சப்பாத்துமாக விடியவெள்ளன வந்து நின்று மீன் பிடிப்பார், அது பொழுதுபோக்கு. வயிற்றுக்காகப் பிடித்தால்தான் தோஷம். இந்த விசர்க் கூத்துக்கு நான் என்ன சொல்ல?

அன்றைக்கு இதெல்லாம் தெரியாத நான் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டி முடிய அரை மணித்தியாலம் கூட இல்லை. அந்த ஆற்றில் ஒருவருக்கும் ஒன்றும் அம்பிடவில்லை. மோர்டன் அங்கிளின் பேரன் மட்டும் ஒரு பாஸ் பிடித்திருந்தான், என் பென்சில் பெட்டியளவு. அதை அளந்து, படம் எடுத்து, ஆரவாரம் செய்து, திரும்ப ஆற்றில் விட்டார்கள். இந்தப் பென்சில் பெட்டிக்கா கோப்பை என்று எனக்கு வயிறு எரிந்தது. அப்பா காருக்குள் எதையோ தேடப் போனார். அதுதான் சமயமென்று நான் தடியைத் தூக்கிக்கொண்டு படியடிக்குப் போனேன். எறியவில்லை. அப்பா சொல்லித் தந்தது மாதிரிச் சுவரோடு சேர்த்து நூலை இறக்கினேன். விரலை நூலில் வைத்தேன். பாசி. பாசி. பிறகு மணந்து பார்த்தது. பொறு, பொறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கொத்தியது பாருங்கள், தடியோடு என்னையும் சேர்த்து ஆற்றுக்குள் கொண்டுபோகப் பார்த்தது.

அப்பா என்று நான் கத்தியது ஆற்றின் அக்கரைக்கும் கேட்டிருக்கும். அப்பா ஓடி வந்தார். வந்தவர் தடியை வாங்கவில்லை. எனக்குப் பின்னால் நின்று, விடு, விடு, ஓடட்டும், இப்ப இழு, குனியாதை, விடு என்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். அவர் சத்தம் போட்டுச் சொன்னார். வீட்டில் ஒருநாளும் கேட்காத சத்தம், காற்றுக்கு மேலால் கேட்கிற சத்தம். மற்றவர்கள் தங்கள் தடிகளைப் போட்டுவிட்டு மேலே கரையோரக் கம்பிவேலிக்குக் கிட்ட வந்து கூடிவிட்டார்கள். மீன் ஒரு கோரைப்புல் குவியலுக்குள் போய்ச் சிக்கியது. இழுத்தால் நூல் அறும். அப்பா சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, பாசி பிடித்த படியில் விறுவிறு என்று இறங்கி, ஓடுகிற தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் நின்று, நூலைக் கையால் தடவிக்கொண்டு போய்ப் புல்லை விலக்கி, செவுளுக்குள் விரலைக் கொடுத்துத் தூக்கினார்.

அம்மாடி! என் கை முழு நீளத்துக்கு அப்படியொரு பாஸ். வெயிலே இல்லாத அந்த நாளில் அது மட்டும் மினுங்கியது. அப்பா பெருவிரலால் ஒரு தட்டுத் தட்ட, கொளுக்கி கழன்று விழுந்தது. மேலே எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு முழுக்கக் காணாமல் போயிருந்த என் அப்பா ஒரு நிமிஷம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வரப் பார்த்தது, அவ்வளவு புளுகம்.

மோர்டன் அங்கிள் இரண்டு படி இறங்கி வந்து, மீனையும் பார்த்து, அப்பாவின் கையையும் பார்த்தார். "என்ன தம்பி, பழகின கை மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தலையை நிமிர்த்தினார். அங்கிளைப் பார்க்கவில்லை. அவருக்கு மேலே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியைப் பார்த்தார். மாமியின் முகத்தில் இரத்தமே இல்லை.

நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன், என் கண்ணால் கண்டேன். மீன் துள்ளவில்லை. அப்பாவின் விரல்தான் விரிந்தது. பிறகு, ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் காற்றைப் பிடித்து, காலை வழுக்கவிட்டு, தொபுக்கென்று தண்ணீருக்குள் குந்திவிட்டார். நெஞ்சளவு தண்ணீர். தொப்பி மிதந்து போயிற்று. மீன் வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அந்த மண் தண்ணீருக்குள் மறைந்தது.

அளக்காத மீன் கணக்கில் இல்லை.

கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆகக் கூடச் சிரித்தவர் மோர்டன் அங்கிள். அவர்தான் கையைக் கொடுத்து அப்பாவைத் தூக்கிவிட்டார், தன் விலைகூடிய துவாயால் தலையைத் துடைத்துவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் தம்பி என்று ஆறுதல் வேறு. நான் படியில் நின்று குளறி அழுதேன். வேண்டுமென்று விட்டவர், நான் கண்டனான் என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார். அந்த இரைச்சலில் என் குரலை யார் கேட்டது?

பென்சில் பெட்டிக்குக் கோப்பை போயிற்று. அந்தப் பொடியன் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் படத்துக்கு நின்றான். சாமான்களைக் கட்டும்போது மோர்டன் அங்கிள் தன் சிநேகிதர் ஒருவரிடம், நல்ல ஆக்கள், தண்ணிப் பக்கமே போகாத ஆக்கள் எண்டு பார்த்தாலே தெரியுதெல்லோ என்று சொன்னது எனக்குக் கேட்டது. வலு திருப்தியாகச் சொன்னார். பிறகு அப்பாவிடம் வந்து, வாற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டை வாங்கோ, நாள் பார்ப்பம் என்றார். மாப்பிள்ளையின் காது சிவந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை. அங்கிள் அதோடு விடவில்லை, உமக்கு நான் மீன் பிடிக்கப் பழக்கிறன் என்று அப்பாவுக்கு வாக்கும் கொடுத்தார். சொன்ன சொல் தவறாத மனுசன். இன்றுவரைக்கும் ஒவ்வொரு கோடையிலும் அப்பாவைக் கரையில் நிற்பாட்டி முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுக்கிறார். அப்பாவும் இன்றுவரைக்கும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு, அந்த முடிச்சைப் பிழையாகவே போடுகிறார்.

காரில் அப்பா குப்பைப் பையொன்றை விரித்து அதற்கு மேலே ஈரக் காற்சட்டையோடு இருந்து ஓட்டினார். முன்னால் இருந்த அம்மா மண்டபம் பிடிப்பதில் தொடங்கி, கூறைச் சீலையில் ஏறி, தாலிக்கொடிக்கு வந்துவிட்டார். பின்னால் நானும் மாமியும். நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. மாமியும் கதைக்கவில்லை. கலியாணம் சரிவந்த பெண் சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

குட்மேய்ஸ் கிட்ட வரும்போது மாமி, "அண்ணை, அந்த மீனை ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"வழுக்கிப் போட்டுது."

"உங்கட கையிலயோ?"

அம்மா தாலிக்கொடியை நிறுத்திவிட்டார். அப்பா சிக்னலைப் போட்டுத் தெருவில் திரும்பினார். மாமி முன்னுக்குச் சரிந்து அப்பாவின் சீற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். சின்ன அழுகை இல்லை. தோள் இரண்டும் குலுங்கின. நான் உங்களிட்டை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது அண்ணை, கேட்டிருக்கவே கூடாது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைப் பின்னால் கொண்டுவந்து மாமியின் தலையில் வைத்தார். அந்தக் கை இன்னும் மீன் மணத்தது.

"விடு பிள்ளை. மீன்தானே" என்றார்.

மீன்தானேயாம்! எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. மீனை விட்டவர் சமாதானம் சொல்கிறார், கலியாணம் சரிவந்தவர் விக்கி விக்கி அழுகிறார், அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார். திங்கட்கிழமை வெறுங்கையோடு வகுப்புக்குப் போகப்போகிற என்னைத் திரும்பிப் பார்க்க அந்தக் காரில் ஒரு சீவன் இல்லை. "தோத்தது நான்" என்று பலமாகக் கத்தினேன். "நீங்கள் ஏன் மாமி அழுறியள்?"